தைவானும் உலக சுகாதாரப் பேரவையும்: நாடாளுமன்றங்கள் சட்டம் போட்டால் கதவு திறக்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒவ்வொரு மே மாதமும் ஜெனீவாவில் உலக சுகாதாரப் பேரவை கூடுகிறது. அதே வாரம் "தைவானுக்கு இந்த ஆண்டும் அழைப்பில்லை" என்று செய்தி வருகிறது. கூடவே, ஏதோ ஒரு நாட்டு நாடாளுமன்றம் தைவானுக்கு ஆதரவாகச் சட்டமோ தீர்மானமோ நிறைவேற்றியதாக இன்னொரு செய்தி. இரண்டையும் படிப்பவர்களுக்கு வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2 கோடியே 30 லட்சம் பேர் வாழும் ஒரு தீவை, தொற்றுநோய் பற்றிப் பேசும் அறைக்கு வெளியே நிறுத்திவைப்பது தவறு. அரசியல் சண்டை எதுவாக இருந்தாலும் இது தவறுதான். அதற்காக எதிர்த் தரப்பின் வாதத்தை மறைக்க மாட்டேன், அதற்கும் கீழே இடம் உண்டு.

உலக சுகாதார நிறுவனமும் உலக சுகாதாரப் பேரவையும் ஒன்றா?

இல்லை. பேரவை என்பது அந்த நிறுவனத்தின் பொதுக்குழு மாதிரி. உறுப்பு நாடுகள் ஆண்டுக்கு ஒருமுறை கூடி கொள்கை, வரவு செலவு, புதிய ஒப்பந்தங்கள் எல்லாவற்றையும் அங்கேதான் முடிவு செய்கின்றன. 2025 மே மாதம் பெருந்தொற்று ஒப்பந்தம் ஏற்கப்பட்டதும் அங்கேதான். உறுப்பினருக்கு வாக்கு உண்டு. பார்வையாளருக்கு வாக்கு கிடையாது. ஆனால் உள்ளே உட்காரலாம், அனுமதி பெற்றுப் பேசலாம், இடைவேளையில் மற்ற நாட்டு அதிகாரிகளைப் பார்க்கலாம். வாடிகன், பாலஸ்தீனம், செஞ்சிலுவைச் சங்கம் எல்லாம் பார்வையாளர்களாக உட்காருகின்றன. தைவான் இப்போது கேட்பது இந்தப் பார்வையாளர் நாற்காலியை மட்டும்தான்.

தைவான் எப்போதாவது உள்ளே இருந்ததா?

இருந்தது, அதுவும் தொடக்கத்திலிருந்தே. 1945இல் சான் பிரான்சிஸ்கோ மாநாட்டில், சுகாதாரத்துக்கென்று தனியாக ஓர் உலக அமைப்பு வேண்டும் என்று முன்னெடுத்த மருத்துவர்களில் ஒருவர் சீனாவின் ஸெமிங் ஸே. இன்னொருவர் பிரேசிலின் ஜெரால்டோ டி பாவுலா சோசா. அன்று 'சீனா' என்றால் சியாங் கை ஷேக்கின் சீனக் குடியரசு. 1949இல் உள்நாட்டுப் போரில் தோற்று அந்த அரசு தைவானுக்குப் போனது. போன பிறகும் 'சீனா' என்ற பெயரில் அதே நாற்காலியில் இன்னும் இருபத்து சொச்சம் ஆண்டுகள் உட்கார்ந்திருந்தது.

1971 அக்டோபர் 25 அன்று ஐ.நா. பொதுச்சபை 2758ஆம் தீர்மானத்தை நிறைவேற்றி அந்த இடத்தைப் பெய்ஜிங்கிலுள்ள கம்யூனிஸ்ட் அரசுக்கு, அதாவது மக்கள் சீனக் குடியரசுக்குக் கொடுத்தது. ஆதரவு 76, எதிர்ப்பு 35, நடுநிலை 17. அடுத்த மே மாதமே உலக சுகாதாரப் பேரவையும் 25.1 என்ற எண்ணுள்ள தீர்மானத்தின் மூலம் அதைப் பின்பற்றியது.

அந்தத் தீர்மானத்தில் தைவான் பற்றி என்னதான் சொல்லியிருக்கிறது?

ஒன்றுமே சொல்லவில்லை. மொத்தத் தகராறும் இங்கேதான் தொடங்குகிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

2758 மிகச் சிறிய தீர்மானம். மக்கள் சீனக் குடியரசின் உரிமைகளை மீட்டுத் தருவது, அதன் அரசுப் பிரதிநிதிகளே ஐ.நா.வில் சீனாவின் ஒரே சட்டபூர்வப் பிரதிநிதிகள் என்று ஏற்பது, 'சியாங் கை ஷேக்கின் பிரதிநிதிகளை' வெளியேற்றுவது. அவ்வளவுதான். 'தைவான்' என்ற சொல்லே அதில் கிடையாது. தைவான் சீனாவின் ஒரு பகுதி என்றும் இல்லை, இல்லையென்றும் இல்லை. அங்கு வாழும் மக்களை ஐ.நா. அமைப்புகளில் யார் பிரதிநிதித்துவம் செய்வார்கள் என்ற கேள்வியை அது தொடவே இல்லை.

'தைவான் பிரச்சினை 1971இலேயே முடிந்துவிட்டது' என்பது பெய்ஜிங்கின் வாசிப்பு. 'சீனாவின் இருக்கையில் யார் என்பது மட்டும்தான் முடிந்தது' என்பது தைவானும் அதன் ஆதரவாளர்களும் வாசிக்கும் விதம். இன்று பல நாட்டு நாடாளுமன்றங்கள் நிறைவேற்றும் தீர்மானங்கள் பெரும்பாலும் இந்த ஒரு புள்ளியைப் பற்றியவை.

சரி, வெளியே இருப்பதால் ஒரு நோயாளிக்கு என்ன நஷ்டம்? இது வெறும் கௌரவப் பிரச்சினைதானே?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். மூன்று சம்பவங்களைச் சொல்கிறேன்.

1998இல் தைவானில் எண்டெரோவைரஸ் 71 பரவியது. கை, கால், வாயில் கொப்புளம் வரும் நோய், பெரும்பாலும் பிஞ்சுக் குழந்தைகளைத் தாக்கும். 78 உயிர்கள் போயின. அப்போது உலக சுகாதார நிறுவனத்தோடு தைவானுக்கு நேரடித் தொடர்பு எதுவும் இல்லை.

அடுத்தது 2003, சார்ஸ் என்ற கடுமையான சுவாசத் தொற்று. ஏப்ரல் 24 அன்று தலைநகர் தைபேயின் ஹோப்பிங் மருத்துவமனை வாசலை அடைத்துவிட்டார்கள். மருத்துவர், செவிலியர், துப்புரவுப் பணியாளர், நோயாளி, துணைக்கு இருந்த உறவினர் என ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே. முன்கூட்டி யாருக்கும் சொல்லவில்லை.  யாருக்குத் தொற்று இருக்கிறது, யாருக்கு இல்லை என்று பிரிக்கும் ஏற்பாடு சரியாக இல்லை. சன்னல் வழியாக அட்டையில் எழுதிக் காட்டி உதவி கேட்டார்கள். தைவானில் முதல் நோயாளிகள் மார்ச் மாதமே தெரிந்துவிட்டனர். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் நிபுணர்களும் மார்ச்சிலேயே வந்துவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் இரண்டு பேர் வந்து சேர்ந்தது மே மாதத் தொடக்கத்தில். 1972க்குப் பிறகு அந்த நிறுவனத்தின் நிபுணர்கள் தைவான் மண்ணில் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. நிறுவனத்தின் இறுதிப் பட்டியலில் தைவானுக்கு 346 நோயாளிகள், 37 மரணங்கள்.

ஹோப்பிங்கில் நடந்த தவறுகளுக்கு எல்லாம் ஜெனீவா காரணம் என்று நான் சொல்லவில்லை. உள்ளூர் நிர்வாகத்தின் குழப்பம் அதில் பெரும்பங்கு. ஆனால் புது வைரஸ் ஒன்று பரவும்போது முதல் சில வாரங்கள்தான் எல்லாமே. அந்த வாரங்களில் தகவல் சுற்றி வளைத்து வந்தது. அதே மே மாதம் ஜெனீவாவில் தைவான் செய்தியாளர்கள் கேள்வி கேட்டபோது, சீனத் தூதர் "உங்களை யார் கண்டுகொள்கிறார்கள்?" என்று சொல்லிவிட்டு நடந்தார். மருத்துவமனைக்குள் ஆட்கள் செத்துக்கொண்டிருந்த மாதம் அது. அந்த வார்த்தையைத் தைவானியர்கள் இன்றும் மறக்கவில்லை.

மூன்றாவது, 2019 டிசம்பர் 31, கோவிட் பற்றி உலகம் இன்னும் அறியாத நேரம். தைவான் நோய்க் கட்டுப்பாட்டு மையம் உலக சுகாதார நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியது. நாலைந்து வரிதான். ஊகானில் குறைந்தது ஏழு பேருக்கு வழக்கத்துக்கு மாறான நிமோனியா என்று செய்தி வருகிறது. சார்ஸ் இல்லை என்று அங்குள்ள அதிகாரிகள் சொல்கிறார்கள், ஆனாலும் மாதிரிகள் இன்னும் பரிசோதனையில் இருக்கின்றன. நோயாளிகள் தனிமைப்படுத்தப்பட்டுச் சிகிச்சை பெறுகிறார்கள். உங்களிடம் தகவல் இருந்தால் பகிருங்கள், நன்றி. அதே நாளில் ஊகானிலிருந்து வந்த விமானங்களில் ஏறிப் பயணிகளைப் பரிசோதிக்கவும் தைவான் தொடங்கிவிட்டது.

இந்த மின்னஞ்சல் பற்றிப் பிறகு பெரிய சர்ச்சை. மனிதரிலிருந்து மனிதருக்குப் பரவுகிறது என்று அதில் எச்சரிக்கை இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். 'தனிமைப்படுத்தப்பட்டு' என்ற சொல்லைப் பார்த்தால் எந்த மருத்துவருக்கும் புரிந்திருக்கும் என்கிறது தைவான். வரி வரியாகப் படித்தால் நிறுவனம் சொல்வது சரிதான், நேரடி எச்சரிக்கை அதில் இல்லை. எனக்கு உறுத்துவது வேறு விஷயம். பக்கத்து நாட்டில் என்ன நடக்கிறது என்று செய்தித் துணுக்குகளைப் பார்த்துவிட்டு, வாசலுக்கு வெளியிலிருந்து "தயவுசெய்து சொல்லுங்கள்" என்று மின்னஞ்சல் அனுப்பும் நிலையில் ஒரு நாட்டின் சுகாதாரத் துறையை வைத்திருக்கிறோம்.

ஆனால் இடையில் சில ஆண்டுகள் தைவான் போய்வந்ததே?

ஆமாம், 2009 முதல் 2016 வரை எட்டு முறை, 'சீனத் தைபே' என்ற பெயரில். ஒலிம்பிக்கில் பயன்படுத்தும் அதே பெயர்.

இது எப்படிச் சாத்தியமானது என்பதைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் புரியும். 2008இல் பெய்ஜிங்கோடு இணக்கமாகப் போக விரும்பிய மா யிங் ஜியோ தைவானின் அதிபரானார். உறவு தணிந்தது. 2009 ஜனவரியில், நோய்ப் பரவல் தகவலை நாடுகள் பகிர்வதற்கான சர்வதேச சுகாதார ஒழுங்குவிதிகளின் கீழ் தைவானுக்கு ஒரு தொடர்பு அலுவலர் ஏற்பாடு கிடைத்தது. அந்த மே மாதம் பேரவைக்கும் அழைப்பு வந்தது. அழைத்தவர் தலைமை இயக்குநர் மார்கரெட் சான். பேரவை வாக்களித்துக் கொடுத்த இடம் இல்லை, ஆண்டுதோறும் இயக்குநர் எழுதும் ஒரு கடிதம். 2016இல் வந்த கடிதத்தில், தைவானும் சீனாவும் ஒரே நாடு என்ற 'ஒரே சீனா' கொள்கையைச் சேர்த்து எழுதியிருந்தார்கள். அந்த மே 20 அன்று, அந்தக் கொள்கையை ஏற்காத ஜனநாயக முற்போக்குக் கட்சியின் சாய் இங் வென் அதிபரானார். 2017இல் கடிதமே வரவில்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

உள்ளே போன அந்த ஆண்டுகளிலும் எல்லாக் கதவும் திறந்திருக்கவில்லை. தைவான் அரசு சொல்லும் கணக்கின்படி 2009 முதல் 2019 வரை 187 தொழில்நுட்பக் கூட்டங்களுக்கு விண்ணப்பித்ததில் அனுமதி கிடைத்தது 57க்கு.

ஆக, தேர்தலில் யார் ஜெயிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து வந்து போகிற அழைப்பு இது. வைரஸ் அதைப் பார்த்துப் பரவுவதில்லை. யாருடைய மனநிலையையும் சாராத நிரந்தர ஏற்பாடு வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

அமெரிக்க நாடாளுமன்றம் என்னென்ன சட்டம் போட்டிருக்கிறது?

தைவானின் உலக சுகாதார நிறுவனப் பங்கேற்புக்கு என்றே தனியாகப் பல சட்டங்கள். 1979இன் தைவான் உறவுச் சட்டத்திலேயே ஒரு விதை இருக்கிறது: இந்தச் சட்டத்தில் உள்ள எதையும், எந்தச் சர்வதேச அமைப்பிலிருந்தும் தைவானை விலக்குவதற்கு ஆதாரமாகக் கொள்ளக் கூடாது என்று எழுதியிருக்கிறார்கள்.

1999 டிசம்பரில் வந்த சட்டம், தைவானின் பங்கேற்புக்கு என்ன செய்தீர்கள் என்று வெளியுறவு அமைச்சரிடம் அறிக்கை கேட்டது. பிறகு 2001, 2002, 2003 என்று வரிசையாக ஆண்டுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் அந்தந்த ஆண்டு மே மாதக் கூட்டத்தில் தைவானுக்குப் பார்வையாளர் இடம் பெற்றுத்தர அமெரிக்கா திட்டம் வகுக்க வேண்டும் என்றது. அந்தக் காலத்தில் பிரதிநிதிகள் சபையில் இதை விடாமல் தூக்கிப் பிடித்தவர் ஓஹாயோவின் ஷெர்ரட் பிரவுன்.

தேதிகளை அடுக்கிப் பார்த்தால் ஒரு வேதனையான விஷயம் தெரியும். 2001ஆம் ஆண்டுப் பேரவை மே 22 அன்று முடிந்தது, சட்டத்தில் கையெழுத்தானது மே 28. 2003ஆம் ஆண்டுப் பேரவை மே 28 அன்று முடிந்தது, சட்டம் வந்தது மே 29. கல்யாணம் முடிந்து பந்தலைப் பிரித்த பிறகு பத்திரிகை அச்சான கதை. ஆண்டுக்கு ஆண்டு புதிதாகச் சட்டம் போட்டுக் கொண்டிருந்தால் இப்படித்தான் ஆகும். 2004 ஜூன் 14 அன்று வந்த சட்டம் அதைச் சரிசெய்தது: இனி ஒவ்வோர் ஆண்டும் திட்டமும் அறிக்கையும் தானாகவே வர வேண்டும்.

கடைசியாக 2022. செனட்டில் பாப் மெனண்டஸ் கொண்டுவந்த மசோதா, பிரதிநிதிகள் சபையில் எதிர்த்து ஒரு வாக்குகூட விழாமல் நிறைவேறியது. மே 13 அன்று அதிபர் பைடன் கையெழுத்திட்டார். பேரவை தொடங்க ஒன்பது நாள் இருந்தது. இந்தச் சட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதி ஒன்று உண்டு. முன்பெல்லாம் வெளியுறவுத் துறை முந்தைய ஆண்டு அறிக்கையையே தேதி மாற்றி அனுப்பிவிட முடியும். இப்போது, தைவானுக்கு இடம் கிடைக்காமல் ஒரு கூட்டம் முடிந்தால், அதற்குப் பிறகு உங்கள் திட்டத்தில் எதை மாற்றினீர்கள், எதை மேம்படுத்தினீர்கள் என்றும் சேர்த்து எழுத வேண்டும். 'முயன்றோம், நடக்கவில்லை' என்று முடித்துக்கொள்ள வழியில்லை.

இத்தனை சட்டம் போட்டும் தைவான் வெளியேதானே நிற்கிறது? அப்புறம் எதற்கு?

நியாயமான கேள்வி. ஒரு நாட்டின் சட்டம் அந்த நாட்டின் அரசைத்தான் கட்டுப்படுத்தும். ஜெனீவாவை அது கட்டுப்படுத்தாது. அமெரிக்காவுக்குள்ளேகூட வெளியுறவு அதிபரின் அதிகாரம் என்ற இழுபறி இருக்கிறது. 2013இல் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பில் தைவானுக்கு இடம் கேட்கும் இதேபோன்ற சட்டத்தில் கையெழுத்திட்ட ஒபாமா, வெளியுறவு அமைச்சரை 'செய்' என்று கட்டாயப்படுத்தும் பகுதிகளை என் அரசியல் சாசன அதிகாரத்துக்கு உட்பட்டே பொருள்கொள்வேன் என்று கூடவே அறிக்கை விட்டார்.

ஆனால் அந்த 2013 சட்டத்தின் கதையை முழுசாகப் பாருங்கள். ஜூலையில் கையெழுத்து. செப்டம்பரில் அந்த அமைப்பின் கூட்டத்துக்குத் தைவான் விருந்தினராக அழைக்கப்பட்டது, 1971க்குப் பிறகு முதல் முறையாக. சட்டம் ஒன்றினால் மட்டும் இது நடக்கவில்லை. பெய்ஜிங்கும் அப்போது இணக்கமாக இருந்தது. 2016இல் உறவு கெட்டதும் அந்த அழைப்பும் நின்றது.

ஆகவே என் கருத்து இது. சட்டத்தால் கதவு திறக்காது. ஆனால் கதவைத் தட்டுபவர் அலுத்துப்போய் வீட்டுக்குப் போய்விடாமல் அது பார்த்துக்கொள்ளும். அரசாங்கங்கள் மாறும், அமைச்சர்கள் மாறுவார்கள், சீனாவோடு ஏதாவது வர்த்தகப் பேச்சு வந்தால் தைவான் விஷயத்தை ஓரமாக வைக்கத் தோன்றும். எழுத்தில் சட்டம் இருந்தால் ஆண்டுக்கு ஒருமுறை யாரோ ஓர் அதிகாரி உட்கார்ந்து பதில் எழுதியே ஆக வேண்டும். 2004ஆம் ஆண்டுப் பேரவையில் தைவானின் கோரிக்கை வாக்கெடுப்புக்கு வந்தபோது அமெரிக்காவும் ஜப்பானும் ஆதரவாகக் கைதூக்கின. 1997இல் இதே வாக்கெடுப்பு வந்தபோது அமெரிக்கா எதிர்த்து வாக்களித்திருந்தது. இடையில் இருந்த ஏழு ஆண்டுகளில் நாடாளுமன்றம் கொடுத்த அழுத்தத்துக்கு அந்த மாற்றத்தில் பங்கு உண்டு என்றுதான் நான் பார்க்கிறேன்.

அமெரிக்காவே உலக சுகாதார நிறுவனத்திலிருந்து விலகிவிட்டதே. இனி இந்தச் சட்டங்களுக்கு என்ன மதிப்பு?

பெரிய அடிதான். 2025 ஜனவரி 20, பதவியேற்ற அன்றே அதிபர் ட்ரம்ப் விலகல் உத்தரவில் கையெழுத்திட்டார். ஓராண்டு முன்னறிவிப்புக் காலம் முடிந்து 2026 ஜனவரியில் விலகல் நடைமுறைக்கு வந்தது. அந்த ஓராண்டு நிபந்தனையும் நாடாளுமன்றம் எழுதியதுதான்: 1948இல் அமெரிக்கா சேர்ந்தபோதே, வேண்டுமானால் ஓராண்டு அறிவிப்புக் கொடுத்து விலகும் உரிமையைத் தங்கள் தீர்மானத்தில் எழுதிவைத்தார்கள்.

தைவானுக்காகப் பேரவைக்குள் உரக்கப் பேசிய பெரிய நாடு அமெரிக்கா. இப்போது அது அந்த மண்டபத்தில் உறுப்பினராக இல்லை. 2004, 2022 சட்டங்கள் ரத்தாகவில்லை. ஆனால் உள்ளே இருந்து செய்ய வேண்டிய வேலையை வெளியே நின்று எப்படிச் செய்வது? இதனால்தான் மற்ற நாடுகளின் நாடாளுமன்றங்கள் இப்போது முன்பைவிட முக்கியமாகிவிட்டன.

வேறு எந்த நாடாளுமன்றங்கள் பேசியிருக்கின்றன?

2021 மே மாதம் பிரெஞ்சு செனட் 304 வாக்குகளோடு, எதிர்ப்பே இல்லாமல் ஆதரவுத் தீர்மானம் நிறைவேற்றியது. அந்த ஜூனில் ஜப்பான் மேலவை ஒருமனதாகப் பேரவையில் தைவானின் பங்கேற்பைக் கேட்டது. 2024இல் அலை இன்னும் பெரிதானது, அதுவும் 2758ஐ நேராகக் குறிவைத்து: ஆகஸ்டில் ஆஸ்திரேலிய செனட், செப்டம்பரில் நெதர்லாந்து கீழவை (147க்கு 3), அக்டோபரில் ஐரோப்பிய நாடாளுமன்றம் (432 ஆதரவு, 60 எதிர்ப்பு), நவம்பரில் கனடா, பிரிட்டன். சொல்லும் விஷயம் ஏறக்குறைய ஒன்றுதான்: அந்தத் தீர்மானம் தைவானை விலக்கவில்லை, அப்படிச் சொல்லி விலக்குவது தவறு.

இவற்றில் சட்டம் எதுவுமில்லை, எல்லாம் தீர்மானங்கள். அரசைக் கட்டாயப்படுத்தாது. ஆனாலும் பெய்ஜிங்கின் வாசிப்புக்கு யாரும் மறுப்பே சொல்லவில்லை என்று நாளை வாதிட முடியாதபடி எழுத்துப் பதிவு ஒன்று சேர்ந்துகொண்டே போகிறது. சர்வதேச விவகாரத்தில் ஐம்பது ஆண்டு மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. அதனால் இந்தப் பதிவுக்கு மதிப்பு இருக்கிறது.

சீனாவின் வாதம் என்ன?

தைவான் சீனாவின் ஒரு பகுதி, அதன் மக்களின் சுகாதாரத்துக்குப் பொறுப்பு மத்திய அரசுடையது, உறுப்பு நாட்டின் ஒரு பகுதி அந்த நாட்டின் சம்மதம் இல்லாமல் தனியாக வர முடியாது. 2009இல் சம்மதித்தோம், ஏனென்றால் இரு தரப்பும் 'ஒரே சீனா' என்ற அடிப்படையை ஏற்றிருந்தன; அந்த அடிப்படையை உடைத்தது தைபேயில் இப்போதுள்ள ஆளுங்கட்சிதான் என்கிறார்கள். தகவல் பரிமாற்றத்துக்குத் தடையில்லை, தைவான் நிபுணர்கள் தொழில்நுட்பக் கூட்டங்களுக்கு வருகிறார்கள் என்றும் சொல்கிறார்கள்.

இதில் முதல் பகுதி இறையாண்மைச் சண்டை, அதை நானோ நீங்களோ தீர்க்க முடியாது. ஆனால் 'மத்திய அரசின் பொறுப்பு' என்ற வாதம் நடைமுறையில் நிற்கவில்லை. தைவானில் ஒரு மருத்துவமனையைக்கூடப் பெய்ஜிங் நடத்துவதில்லை. 1995இல் தொடங்கிய தேசிய சுகாதாரக் காப்பீட்டிலிருந்து விமான நிலையத் தனிமைப்படுத்தல் வரை எல்லாவற்றையும் தைபே அரசுதான் செய்கிறது. ஓர் இடத்தில் தொற்று பரவினால் முதலில் பேச வேண்டியது அந்த இடத்தில் ஊசி போடுகிறவரோடு.

தைவான் 'இணை உறுப்பினர்' ஆகிவிடலாமே? பிரதேசங்களுக்கு அந்த வசதி இருக்கிறதாமே?

இருக்கிறது. நிறுவனத்தின் சாசனத்தில் 8ஆம் பிரிவு, தங்கள் வெளியுறவைத் தாங்களே நடத்தாத பிரதேசங்களை இணை உறுப்பினராக்கலாம் என்கிறது. புவேர்ட்டோ ரிக்கோ, டோகெலாவ் அப்படிச் சேர்ந்தவை. ஆனால் அந்தப் பிரதேசத்தின் சார்பில் விண்ணப்பிக்க வேண்டியது அதன் வெளியுறவுக்குப் பொறுப்பான நாடு. அந்த வழியில் போனால் தைவானுக்காக விண்ணப்பிப்பது பெய்ஜிங் என்றாகிவிடும். தைவானில் எந்த அரசும் அதில் கையெழுத்துப் போடாது.

முழு உறுப்பினராக ஐ.நா. உறுப்பு நாடாக இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. குக் தீவுகளும் நியுவேயும் ஐ.நா.வில் இல்லை, ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் உறுப்பினர்கள். சாதாரணப் பெரும்பான்மை போதும். அந்தப் பெரும்பான்மைதான் தைவானிடம் இல்லை: 2007இல் முழு உறுப்பினர் கோரிக்கை வந்தபோது ஆதரவு 17, எதிர்ப்பு 148.

இந்தியாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் இதில் ஏதாவது தொடர்பு உண்டா?

இந்தியாவுக்குத் தைவானோடு தூதரக உறவு கிடையாது. 1995 முதல் தைபேயில் இந்தியா-தைபே சங்கம் அந்த வேலையைப் பார்க்கிறது. தைவானின் பொருளாதார, கலாச்சார மையம் 2012 முதல் சென்னையிலும் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் பூட்டும் ஆலை, செய்யாறில் காலணி ஆலை என்று தைவான் நிறுவனங்களில் வேலை செய்யும் குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். ஆட்கள் போய்வந்துகொண்டே இருக்கிறார்கள் என்றால் நோயும் போய்வரும் பாதை அது.

2021 மே மாதம் ஆக்ஸிஜன் சிலிண்டருக்கு ஊர் ஊராக அலைந்தவர்களுக்கு இதுவும் நினைவிருக்கலாம். அந்த மாதத் தொடக்கத்தில் தைவானிலிருந்து 150 ஆக்ஸிஜன் செறிவூட்டிகளும் 500 சிலிண்டர்களும் டெல்லி வந்து இறங்கின. பேரவைக்குள் நாற்காலி இல்லாத ஓர் இடத்திலிருந்து வந்த உதவி அது.

அடுத்த மே மாதம் செய்தி வரும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

இரண்டு விஷயங்கள். முதலாவது, அழைப்புக் கடிதம் வந்ததா என்பது. பேரவை கூடுவதற்கு முன்பே இது தெரிந்துவிடும்.

இரண்டாவது, தொடக்க நாள். தைவானோடு தூதரக உறவுள்ள சிறிய நாடுகள், 2024 ஜனவரியில் நவ்ரு விலகிய பிறகு மொத்தம் 12, அவற்றில் சில சேர்ந்து 'தைவானைப் பார்வையாளராக அழைக்க வேண்டும்' என்பதை நிகழ்ச்சி நிரலில் சேர்க்கக் கேட்கும். பொதுக் குழு என்ற சிறிய குழு அதை நிராகரிக்கும். பிறகு முழு அவையில் இரண்டு பேர் ஆதரித்தும் இரண்டு பேர் எதிர்த்தும் பேசுவார்கள். எதிர்ப்பில் சீனாவோடு பாகிஸ்தானோ கியூபாவோ நிற்பது வழக்கம். சில நிமிடங்களில் முடிந்துவிடும், பெரும்பாலும் வாக்கெடுப்பே இருக்காது. அந்த நேரத்தில் கட்டடத்துக்கு வெளியே தைவானின் சுகாதார அமைச்சரும் குழுவும் ஜெனீவாவில் வேறு அரங்கில் கூட்டம் நடத்திக்கொண்டிருப்பார்கள். தைவான் கடவுச்சீட்டைக் காட்டினால் ஐ.நா. வளாக வாசலில் பார்வையாளர் அட்டைகூடத் தருவதில்லை. பிறகு பொது விவாதம் தொடங்கும். அதில் எத்தனை நாடுகள் தங்கள் உரையில் தைவானின் பெயரைச் சொல்கின்றன என்று எண்ணுங்கள். முந்தைய ஆண்டு தங்கள் நாடாளுமன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றிய நாடுகள் அந்தப் பட்டியலில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்.